ஷூஸ்டருக்குள் இருந்த ஊசி

சிவகௌரிக்குப் பொய் சொல்ல வராது என்பது லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் தெரியும். பிறந்தநாள் வீடுகளில் கேக் எப்படி என்று அவளிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள். எண்பத்தேழில் லண்டனுக்கு வந்தபின், அகதிகளை விசாரிக்கும் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்துகொண்டிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் அங்கே வேலை. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை. அப்படிப்பட்டவள் ஒரு மனிதனின் வாழ்க்கையை ஒரே வசனத்தில் தலைகீழாகப் புரட்டிவிட்டாள், அதுவும் நல்ல மனதோடு. இதை அவளே ஒன்றேகால் வருடம் கழித்துத்தான் அறிந்துகொண்டாள்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு நாள் அகதிகளின் வழக்குகளைப் பார்க்கும் கிரிஜா என்ற சொலிசிட்டர் தொலைபேசியில் கூப்பிட்டாள். சென்னையில் பிறந்தவள். அப்டன் பார்க்கில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்தாள்.

"செபமாலைமுத்துன்னு ஒருத்தர். தொண்ணூத்திரெண்டு நவம்பர்ல அவரை விசாரிச்சப்போ நீங்கதான் மொழிபெயர்த்தீங்க. நினைவிருக்கா?"

"ஓம், நினைவிருக்கு," என்றாள் சிவகௌரி.

"அவர் கேஸை நிராகரிச்சுட்டாங்க. மேல்முறையீடு வருது. ஒரு தடவை நேர்ல வர முடியுமா?"

படியேறிப் போனபோது செபமாலைமுத்து வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அக்கா, உங்களைத்தான் கூப்பிடச் சொன்னனான். நீங்கள் எல்லாத்தையும் வடிவாச் சொன்னனீங்கள் எண்டு உள்ளுக்கு இருக்கிற லோயரிட்டையும் சொன்னனான். எங்கையோ அவங்கள்தான் பிழையா எழுதிப்போட்டாங்கள்."

சிவகௌரி தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

கிரிஜா மேசையில் இரண்டு காகிதங்களை வைத்தாள். ஒன்று ஜெர்மன் படிவத்தின் பிரதி. லண்டனுக்கு வருமுன் செபமாலைமுத்து நாலு வருடம் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தவன். அங்கே மறுத்தபின் இங்கே வந்தான். வந்தவன் ஒன்றையும் ஒளிக்காமல் அந்தக் காகிதத்தையும் அதிகாரியிடம் கொடுத்திருந்தான். அதில் தொழில் என்ற இடத்தில் தட்டச்சில் ஒரே ஒரு சொல்: ஷூஸ்டர். மற்றது லண்டனின் மறுப்புக் கடிதம். கிரிஜா அதைத் தமிழில் சுருக்கிச் சொன்னாள்.

"ஜெர்மனியில செருப்புத் தைக்கிறவர்னு சொல்லியிருக்கார். இங்க பரம்பரையா காலணி வியாபாரம்னு சொல்லியிருக்கார். வசதியான வியாபாரியை ராணுவம் எதுக்கு முகாமுக்குள்ள வாரத்துக்கு ரெண்டு தடவை உட்கார வச்சு பூட்ஸ் தைக்க வைக்கும்? அதனால, ராணுவத்துக்குத் தைச்சதால ஊர்ல உயிருக்கு ஆபத்துன்னு அவர் சொன்ன கதையே நம்பும்படியா இல்லைன்னு எழுதிட்டாங்க. கேஸ் மொத்தமும் இந்த ஒரு முரண்பாட்டுலதான் நிக்குது. தோத்தா கொழும்புக்கு விமானம் ஏத்திடுவாங்க."

"ஓம்."

"அன்னிக்கு அவர் என்ன சொன்னார்? தைக்கிறேன்னா, வியாபாரம்னா? டேப் கிடையாது. அவருக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

சிவகௌரி ஜெர்மன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கிழமை தாருங்கோ. நான் யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள். கிரிஜா புருவத்தைத் தூக்கினாள். நினைவிருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னவளுக்கு யோசிக்க ஒரு கிழமை எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

நினைவில்லாமல் என்ன? அட்சரம் பிசகாமல் இருந்தது. அன்று அதிகாரி படிவம் எடுக்க வெளியே போன இடைவெளியில், கேட்கக்கூடாத கேள்வியைச் சிவகௌரி கேட்டாள். "ஊரிலை எவ்விடம்?" ஊரைச் சொன்னான். அவளுடைய அம்மாவின் ஊர். "அந்தோனியார் கோயிலுக்குப் பின்னாலை," என்று அவனாகவே சேர்த்துச் சொன்னான். யாழ்ப்பாணத்தாருக்கு அது போதும். கோயிலுக்குப் பின்னால் என்றால் எந்தக் குறுகிய ஒழுங்கை, யார் வீடுகள், யார் கிணற்றில் யார் அள்ளக்கூடாது என்பதெல்லாம் கூடவே வந்துவிடும். அதே வாயால் அவன் "அக்கா" என்றதும் அவளுக்குள் எங்கோ ஒரு சின்ன முள் குத்தியது. அவனுடைய தகப்பன் அவளுடைய அம்மாவை "நாச்சியார்" என்றுதான் கூப்பிட்டிருப்பான், அதுவும் வேலிப் படலைக்கு வெளியே நின்று. இதை நினைத்ததற்காக அவள் தன்னை அப்போதே கடிந்துகொண்டாள். படித்தவள் அல்லவா.

அதிகாரி திரும்பி வந்து தொழிலைக் கேட்டார். செபமாலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான்: "நான் சப்பாத்துத் தைக்கிறனான். அப்பாவும் தைச்சவர். பஸ் ஸ்டாண்ட் மரத்தடியிலை சாக்கு விரிச்சு இருந்து தைக்கிறது."

ஊரில் அந்தத் தொழிலுக்கு ஒரு பெயர் உண்டு. அது தொழிலின் பெயராக இல்லாமல் எவ்வளவோ காலமாக வசவாகிவிட்டது. பிள்ளைகள் சண்டையில் ஒருவரை ஒருவர் அதைச் சொல்லித்தான் திட்டுவார்கள். பாவம், ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால் இந்த மனிதனை ஏன் அப்படி உரித்துவைக்க வேண்டும் என்று சிவகௌரிக்குத் தோன்றியது. ஆங்கிலத்தில் அவள் சொன்னது இது: அவர் பாதணி வியாபாரத்தில் இருந்தார், பரம்பரைக் குடும்பத் தொழில். சாக்கும் மரத்தடியும் அந்த இடத்திலேயே உதிர்ந்துபோயின.

முடிவில் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் அதிகாரி. அவள் காகிதத்தைப் பார்த்தபடியே, அதில் இருந்ததை விட்டுவிட்டு, அவன் சொன்னதையே நினைவிலிருந்து தமிழில் சொன்னாள். எல்லாம் சரி என்று அவன் கையெழுத்துப் போட்டான். அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் தன் பெருந்தன்மையை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இப்போது அவள் கேட்ட ஒரு கிழமை மனச்சாட்சிக்காகக் கேட்டதல்ல. அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. கிரிஜாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஏதோ அகராதியில் பார்த்துத்தான் 'தைக்கிறவர்' என்றாள். ஷூஸ்டர் என்பதற்குச் சப்பாத்து விற்பவர், கடைக்காரர் என்று பழங்காலத்திலாவது ஒரு பொருள் இருந்துவிட்டால்? அப்போது இரண்டு காகிதமும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். அவனும் பிழைப்பான், அவளுடைய வேலையும் பிழைக்கும், நடந்தது ஒருவருக்கும் தெரியவேண்டாம். பொய் சொல்ல வராத மனுஷி எவ்வளவு தூரம் யோசிக்கிறாள் பாருங்கள்.

ப்ளூம்ஸ்பரியில் உள்ள ஒரு பெரிய நூலகத்தில் ரெனாட்டா என்ற ஜெர்மன்காரி வேலை செய்தாள். ஐம்பது வயது, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. ஒரு சொல்லின் பூர்வீகம் தெரியவேண்டும் என்று சிவகௌரி சொன்னதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தடித்த பழைய அகராதிகளை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்தாள்.

"ஷூஸ்டர். இது இரண்டு சொல் ஒட்டியது," என்று விரலை வைத்துக் காட்டினாள். "எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஷுவோக்-ஸுத்தேரே என்று இருந்திருக்கிறது. முன்பாதி சப்பாத்து. பின்பாதி எங்களுடையதல்ல. லத்தீன், ரோமர்களின் ஸூத்தோர். அதைக் கேட்ட பிற்காலத்து ஆட்களுக்கு அது என்ன என்று விளங்காமல் போயிருக்கலாம், அதனால் சப்பாத்தை முன்னால் ஒட்டியிருப்பார்கள். அது என் ஊகம். பிறகு எல்லாம் சேர்ந்து தேய்ந்து ஷூஸ்டர் ஆகிவிட்டது."

"ஸூத்தோர் என்றால் என்ன? விற்பவரா?"

"இல்லை. தைப்பவர். ஊசியும் நூலும்."

சிவகௌரி விடவில்லை. கடை வைத்திருப்பவர் என்று எந்த ஊரிலாவது, எந்த நூற்றாண்டிலாவது வழங்கியதா என்று கேட்டாள். ரெனாட்டா பொறுமையாக இன்னொரு அகராதியை எடுத்தாள், பிறகு மூன்றாவதை எடுத்தாள். மூன்றிலும் எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டினாலும் அடியில் ஒரு மனிதன் குனிந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருந்தான். விற்கிறவர்களுக்கு வேறு சொல் இருக்கிறது என்றாள் ரெனாட்டா.

"இப்போது படிவங்களில் பெரும்பாலும் வேறு பெயர்தான் எழுதுவார்கள். ஷூஸ்டர் கொஞ்சம் பழைய சொல். அதைச் சொன்னவர் தன் தொழிலை நடித்துக் காட்டியிருக்க வேண்டும், எழுதியவர் வயதானவராக இருந்திருக்க வேண்டும்," என்று சிரித்தாள். "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பல் டாக்டரின் பெயர் ஷூஸ்டர். வாசலில் பித்தளையில் பெரிதாகப் போட்டிருக்கும்."

"அந்தப் பெயரோடு அவருக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லையா?"

"ஏன் இருக்க வேண்டும்?" என்று ரெனாட்டா உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்.

சிவகௌரி நன்றி சொல்லி எழுந்தாள். நூலகத்துக்கு வெளியே ஒரு மர வாங்கில் குளிரோடு குளிராக உட்கார்ந்தாள். 'சப்பாத்து' என்பதே போர்த்துக்கீசர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சொல். அதை யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கூசாமல் காலிலும் போட்டார்கள், வாயிலும் போட்டார்கள். தைத்துக் கொடுத்தவனின் பெயர்தான் வாயில் வைக்க முடியாததாகிவிட்டது. ஜெர்மன் அலுவலகத்தில் ஒருவன் குனிந்து, இல்லாத ஊசியை இல்லாத தோலில் குத்தி இழுத்துக் காட்டியிருக்கிறான். பார்த்த கிழவன் தன் பாட்டன் காலத்துச் சொல்லைத் தட்டச்சில் அடித்திருக்கிறான். பாஷையே தெரியாத இரண்டு பேருக்கு இடையில் அந்த ஊசி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு பாஷையும் தெரிந்த அவளிடம் வந்தபோதுதான் தொலைந்துபோனது. அவன் வெட்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தல்லவா சொன்னான்.

அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தெருமுனையில் இருந்த தொலைபேசிப் பெட்டிக்குள் போய்க் கிரிஜாவைக் கூப்பிட்டாள்.

"அவர் தைக்கிறனான் எண்டுதான் சொன்னவர். வியாபாரம் எண்டு சொன்னது நான்."

"இதை நீங்க வந்து சாட்சி சொல்லணும்," என்றாள் கிரிஜா. "சொன்னா அப்புறம் அந்த ஆபீஸ்ல உங்களைக் கூப்பிட மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும். அவருக்கும் நானே சொல்லட்டோ?"

"வேணாம். நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டதா சொல்லிடுவாங்க. அவர் அங்கயே கேட்கட்டும்."

விசாரணை ஏப்ரலில் நடந்தது. ஒரு நீண்ட மேசை, சுவரில் ஒரு கடிகாரம், நரைத்த தலையோடு ஒரு நீதிபதி. அரசாங்கத் தரப்பில் ஓர் இளைஞன். செபமாலைமுத்து கிரிஜாவுக்குப் பக்கத்தில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். சிவகௌரி இன்று சாட்சியாக வந்திருந்ததால், ஆங்கிலத்தில் நடப்பதை அவனுக்குத் தமிழில் சொல்ல வேறு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். பாலேந்திரா என்ற துப்புரவான இளைஞர், யாழ்ப்பாணம்தான், பொறியியல் படித்தவர்.

கிரிஜா கேட்கக் கேட்கச் சிவகௌரி சொன்னாள். தொழிலைக் கேட்டபோது அவர் சொன்ன சொற்கள் இவை: நான் சப்பாத்துத் தைக்கிறேன், என் தந்தையும் தைத்தவர், பஸ் நிலையத்து மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து தைப்போம். அதை நான்தான் வியாபாரம் என்று மாற்றினேன். இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்தினாள். பாலேந்திரா செபமாலைமுத்துவின் பக்கம் சரிந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நீங்கள் பாதணித் துறையிலை இருந்தனீங்கள் எண்டு சொல்லுறா. அதை வியாபாரம் எண்டு மாத்திப் போட்டாவாம்," என்று தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

சிவகௌரிக்குக் காது சுட்டது. ஒன்றரை வருடத்துக்கு முந்திய தன்னையே யாரோ எதிரில் கொண்டுவந்து உட்காரவைத்த மாதிரி இருந்தது. அதே கனைப்பு, அதே இரக்கம்.

"தம்பி, நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றாள் தமிழில். "சப்பாத்துத் தைக்கிறது எண்டு சொன்னனான். மரத்தடி, சாக்கு, எல்லாம் சொன்னனான். அதை அப்பிடியே சொல்லும்."

பாலேந்திராவின் முகம் சிவந்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். சாட்சி மொழிபெயர்ப்பாளருடன் என்ன பேசுகிறார் என்று கேட்டார்.

"நான் அன்று செய்ததையே அவரும் இப்போது செய்தார், ஐயா," என்றாள் சிவகௌரி. "எங்கள் ஊரில் இந்தத் தொழிலைச் செய்பவர்களை நாங்கள் தாழ்வாக வைத்திருக்கிறோம். நானும் இவரும் அப்படி வைத்திருக்கும் வீடுகளில் பிறந்தவர்கள். அந்தத் தொழிலை உரக்கச் சொன்னால் செய்பவரை அவமானப்படுத்துவதாக எங்களுக்குத் தோன்றுகிறது. அதனால் வேறு பெயர் வைக்கிறோம். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை."

நீதிபதி பாலேந்திராவைப் பார்த்தார். பாலேந்திரா மேசையைப் பார்த்துக்கொண்டு, அவர் சொல்வது உண்மைதான் என்றார்.

"மேல்முறையீட்டாளர் தன் தொழிலைச் சொல்ல வெட்கப்பட்டாரா?" என்று நீதிபதி சிவகௌரியிடம் கேட்டார்.

"இல்லை ஐயா. நான்தான் வெட்கப்பட்டேன்."

பாலேந்திரா இதை ஒரு சொல்லும் குறையாமல், மரத்தடியும் சாக்கும் உட்பட, முதலிலிருந்து தமிழில் சொன்னார். செபமாலைமுத்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சிவகௌரியைப் பார்க்கவில்லை.

முடிந்தபின் நடைபாதையில் அவள் அவனுக்காகக் காத்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வசனங்களை வரும்போதே ரயிலில் அடுக்கி வைத்திருந்தாள். அவன் வந்து நின்றான். "பிழை விட்டிட்டன்," என்று மட்டும் சொன்னாள்.

"இவ்வளவு காலமும் என்னைத்தான் நம்பேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றான் அவன். "ராத்திரியிலை யோசிக்கிறது, நான் எந்த இடத்திலை பிழையாச் சொன்னன் எண்டு. நீங்கள் செய்து குடுத்த ஆளைத்தான் அவங்கள் நம்பேல்லை. நான் இண்டைக்குத்தான் வந்திருக்கிறன்."

அவன் குரலை உயர்த்தவில்லை. "அக்கா" என்றும் சொல்லவில்லை. அன்று சொன்னபோது குத்திய அந்தச் சொல், இன்று சொல்லாமல் விட்டபோது அதைவிட நொந்தது. அவன் கிரிஜாவோடு படியிறங்கிப் போய்விட்டான்.

எதிர்பார்த்தபடியே அந்த அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்புகள் நின்றுபோயின. ஆறு கிழமை கழித்துக் கிரிஜா தொலைபேசியில் வந்தாள். மேல்முறையீட்டில் அவன் வென்றுவிட்டான், இனி இந்த நாட்டில் இருக்கலாம் என்றாள். சிவகௌரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவர் ஒண்ணு கேட்டார்," என்றாள் கிரிஜா. "தீர்ப்பைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டணுமாம். நான் வாசிக்கிறேன்னு சொன்னேன். வேணாம், நீங்கதான் வந்து வாசிக்கணும்னு சொல்றார். அதுவும் அவர் வீட்டுக்கு வந்து."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனாள். அப்டன் பார்க்கில் கோழிக்கடைக்குப் பின்தெருவில் ஒரு வீடு. அதில் அவனோடு நாலு யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் இருந்தார்கள். எல்லோரும் முன்னறையில்தான் இருந்தார்கள். டிவியில் கார்ப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. சிவகௌரி அந்த முகங்களைப் பார்த்தாள். பழக்கதோஷம், யார் எந்த ஒழுங்கை என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. இவர்களோடுதான் அவன் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறான். இவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"தனிய இருந்து வாசிப்பமோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்?" என்றான் செபமாலைமுத்து. அதே கேள்வியை ரெனாட்டாவும் கேட்டிருந்தாள்.

அவன் ஒரு கதிரையை இழுத்து நடுவில் போட்டான். அவள் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தாள். பெயர், பிறந்த திகதி, ஊர். பிறகு மூன்றாவது பந்தி. அதை ஒரு தரம் மனதுக்குள் ஆங்கிலத்தில் படித்தாள். பிறகு தமிழில் வாசித்தாள்.

"இவர் சப்பாத்துத் தைப்பவர். சப்பாத்துத் தைப்பவரின் மகன். மரத்தடியில் சாக்கு விரித்துத் தைத்தவர். இவர் ஜெர்மனியில் சொன்னதும் இங்கே சொன்னதும் ஒன்றே. இவர் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன்."

பெடியன்களில் ஒருவன் தலையைத் திருப்பி டிவியை உற்றுப் பார்க்கத் தொடங்கினான். இன்னொருவன் ரிமோட்டைத் தேடினான், சத்தத்தைக் கூட்டினானா குறைத்தானா என்று சொல்ல முடியாதபடி எதையோ அழுத்தினான். செபமாலைமுத்து அவர்களைப் பார்க்கவில்லை. முழங்கால்களில் கையை ஊன்றி, அன்று அதிகாரியின் முன்னால் இருந்தது போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னொருக்கா வாசியுங்கோ," என்றான்.

சிவகௌரி இன்னொரு தரம் வாசித்தாள். இந்தத் தரம் டிவிக்கு மேலாக, வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரலில் வாசித்தாள்.